கட்டுக் குறியைக் காணவில்லை, கட்டுக் குறி திரையை மூடுகிறது: ஓட்டோகாட்டில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பரந்தன் சந்திக்குக் கிட்டப் படம் கீறிக் கொடுக்கும் சின்ன இடம் வைத்திருக்கிறேன். பிரதேச சபைக்குக் கொடுக்கிற வீட்டுப் பிளான், கடை முகப்பு, இரும்புக் கேற், நெல் ஆலைக்குத் தகரப் புனல், சிறுகுளத்துத் துருசுக்கு, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு, கதவு என்று வருகிற வேலை எல்லாம் ஓட்டோகாட் என்ற கொம்பியூட்டர் மென்பொருளில் கீறுகிறோம். என்னிடம் பழகிப் போன பிள்ளைகள் இன்று மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் ஓமந்தையிலும் தனியாகக் கீறுகிறார்கள். அவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இரண்டே வசனம். "அண்ணை, அந்தக் குறியள் ஒண்டையும் காணேல்லை." அல்லது, "அண்ணை, படம் முழுக்கக் குறி, கோடே தெரியேல்லை." ஒவ்வொருவருக்கும் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இரவிலும் எடுத்துப் பார்க்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரு கோட்டை இன்னொரு கோட்டோடு சமாந்தரமாகவோ செங்குத்தாகவோ பிடித்து வைக்கிற ஜியோமெற்றிக் கொன்ஸ்ரெயின்றை எங்கள் இடத்தில் 'கட்டு' என்போம். கட்டு இருப்பதைக் காட்டும் சின்னப் படம் 'குறி'. ஒரு கோட்டின் குறிகள் சேர்ந்து நிற்கும் சிறு பெட்டி 'குறிப்பட்டை'. கீழேயும் அப்படியே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருந்தாலும், தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டி என்ரர் அழுத்த வேண்டும்.

எதையும் தொடமுதல் படத்தை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துவிட்டு, சோதனையை அந்தப் பிரதியில் செய்யுங்கள்.

## அறிகுறி 1: குறி ஒன்றுகூடத் தெரியவில்லை

### கட்டு இருக்கிறதா?

கட்டியிருக்கும் என்று நீங்கள் நினைக்கிற கோட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோய்ச் சும்மா வையுங்கள். கிளிக் வேண்டாம். கட்டு இருந்தால் மவுஸ் முனைக்குப் பக்கத்தில் சின்ன நீலக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். குறிப்பட்டைகளை மறைத்திருந்தாலும் இது வரும். வந்தால் கட்டு பத்திரமாக இருக்கிறது, தெரியாமல் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் கீழே 'நீலக் குறியும் இல்லை' என்ற பகுதிக்குப் போங்கள்.

### கட்டு இருக்கிறது, மறைந்திருக்கிறது

மேலே பரமெற்றிக் என்ற தாவலைத் திறந்து, ஜியோமெற்றிக் என்ற பகுதியில் ஷோ ஓல் என்பதை அழுத்துங்கள். எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு அழுத்தோடு முடிந்துவிடும். முந்தினநாள் யாரோ ஹைட் ஓல் அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

படம் பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் வரவழைக்க வேண்டாம். அதே இடத்தில் ஷோ ஹைட் என்ற பொத்தானை அழுத்தி, வேண்டிய நாலைந்து கோடுகளை மட்டும் தெரிவு செய்து என்ரர் அழுத்திவிட்டு, ஷோ என்பதைத் தெரிவு செய்யுங்கள். கொன்ஸ்ரெயின்ற்பார் என்று தட்டினாலும் இதே கேள்விதான் வரும்.

### ஷோ ஓல் அழுத்தியும் வரவில்லை

கொன்ஸ்ரெயின்ற்செற்றிங்ஸ் என்று தட்டுங்கள். திறக்கிற பெட்டியில் ஜியோமெற்றிக் தாவலில் 12 வகைக் கட்டுக்கும் 12 சின்னக் கட்டங்கள் இருக்கும். சரி போடாத வகையின் குறி, எத்தனை தரம் ஷோ ஓல் அழுத்தினாலும் வராது. பக்கத்தில் உள்ள கிளியர் ஓல் பொத்தானில் கை பட்டிருந்தால் பன்னிரண்டும் போயிருக்கும். செலக்ற் ஓல் அழுத்தி ஓகே கொடுங்கள்.

அதே பெட்டியில், தற்போதைய தளத்தில் உள்ள பொருள்களுக்கு மட்டும் குறிப்பட்டை காட்டு என்று ஒரு வரி இருக்கிறது. அதில் சரி போட்டிருந்து, நீங்கள் யூசிஎஸ்ஸை, அதாவது படத்தின் அச்சுத் திசையை, திருப்பி வைத்திருந்தால் தட்டையாகக் கீறிய படத்தின் குறி முழுக்க மறையும். கூரைச் சாய்வைப் பார்க்க யூசிஎஸ்ஸைத் திருப்பிவிட்டு, பழையபடி வைக்க மறந்தவர்களுக்கு இது நடக்கிறது. அந்தச் சரியை எடுத்துவிடுங்கள், அல்லது யூசிஎஸ் என்று தட்டி வேர்ல்ட் கொடுங்கள்.

### பழைய குறி வருகிறது, புதிதாகக் கட்டினால் குறி வருவதில்லை

கொன்ஸ்ரெயின்ற்பார்டிஸ்பிளே என்று தட்டி எண்ணைப் பாருங்கள். 3 தான் வழக்கம். 1 என்றால் கட்டியவுடன் குறி வரும். 2 என்றால் மறைத்த குறி, கோட்டைத் தெரிவு செய்கிறபோது மட்டும் எட்டிப்பார்க்கும். 3 என்றால் இரண்டும் நடக்கும். 0 என்றால் இரண்டும் இல்லை. 0 அல்லது 2 இருந்தால் 3 ஆக்குங்கள்.

### பரமெற்றிக் தாவலே இல்லை

றிபனில், அதாவது மேலே பொத்தான்கள் நிற்கும் பட்டையில், வெறும் இடத்தில் வலது கிளிக் செய்து, ஷோ ராப்ஸ் என்பதற்குள் பரமெற்றிக்குச் சரி போடுங்கள்.

தாவல் வந்தும் கட்டுகிற பொத்தான்கள் இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது எல்ரி என்ற, வசதி குறைந்த பதிப்பாக இருக்கும். எல்ரியில் மற்றவர் கட்டிய கட்டைக் காட்டலாம், மறைக்கலாம், அழிக்கலாம். புதிதாகக் கட்ட முடியாது. அதற்கு மேல் செற்றிங்ஸில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். 2010க்கு முந்தைய பதிப்பிலும் தேட வேண்டாம், கட்டு என்ற வசதியே ஓட்டோகாட் 2010 இல்தான் வந்தது.

### மவுஸில் நீலக் குறியும் இல்லை

அந்தக் கோட்டை ஒருதரம் கிளிக் செய்யுங்கள். தனிக் கோடாகத் தெரிவாகாமல் கதவோ யன்னலோ முழுதாகத் தெரிவானால் அது புளொக், பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாக்கியது. புளொக்குக்குள் கட்டியது வெளியே படத்தில் காட்டாது. பெடிற் என்று தட்டி உள்ளே போனால் குறிகள் அங்கே இருக்கும். புளொக் எடிற்றரில் கட்டின் நிலைக்கேற்ப நிறம் மாற்றிக் காட்டும் பொத்தான் ஒன்றும் உண்டு. எது முழுக்கக் கட்டியது, எது அரைகுறை என்று கண்ணால் பிரிக்க அது நல்ல உதவி. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் வெளியே வாருங்கள்.

அவசரப்பட்டு எக்ஸ்புளோட் போட்டு உடைக்கவே வேண்டாம். உடைத்தால் புளொக்கும் போய், கட்டும் போய்விடும்.

தனிக் கோடுதான், நீலக் குறியும் இல்லை என்றால் கட்டு உண்மையிலேயே போய்விட்டது. யாரோ எக்ஸ்புளோட் செய்திருக்கலாம். வெட்டும் றிம், நீட்டும் எக்ஸ்ரென்ட், முறிக்கும் பிரேக், சேர்க்கும் ஜொயின் ஆகிய நாலு கட்டளையும் சில வேளைகளில் கட்டை அவிழ்த்துவிடும். சுவரை வெட்டி யன்னல் இடம் விட்டவுடன் குறி காணாமல் போவது இதனால்தான். இன்னும் படம் திறந்திருந்தால் கொன்ரோலோடு இசட் அழுத்திப் பின்னுக்குப் போங்கள்.

சேமித்து மூடியாகிவிட்டதா? படம் இருந்த அதே கோப்புறையில், அதே பெயரில், பிஏகே என்று முடிகிற கோப்பு இருக்கும். அது கடைசியாகச் சேமித்ததற்கு முந்தைய நிலை. அதைப் பிரதியெடுத்து, பிரதியின் கடைசி மூன்று எழுத்தையும் டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்து பாருங்கள். இரண்டாந்தரம் சேமித்தால் அந்த முந்தைய நிலையும் போய்விடும். ஆகவே சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து சேமிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் கொன்ரோல் எஸ் அழுத்திக்கொண்டே இருப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். மற்ற நாளில் அது நல்ல பழக்கம். இந்த நேரத்தில் மட்டும் கையைக் கட்டுங்கள்.

## அறிகுறி 2: திரை முழுக்கக் குறி, கோடு தெரியவில்லை

மூன்று அறை வீட்டுப் பிளான் ஒன்றை ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு சுவர்க் கோட்டிலும் இரண்டு, மூன்று குறி நிற்கும். தூர நின்று முழுப் பிளானையும் பார்க்கிறபோது குறிகள் கோட்டின் அளவுக்குச் சிறுக்காது. அதனால் கோடு குறிக்குள் மூழ்கிவிடும். படம் பழுதாகவில்லை. கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

ஆனால் என் இடத்தில் ஆகப் பெரிய நட்டம் வந்ததும் இந்த அறிகுறியில்தான். அதனால் முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன்.

### செய்யக் கூடாதது

முள்ளியவளையில் ஒரு வீட்டுக்கு 12 அடி இரட்டைக் கேற் கீறினோம். ஒரு கதவு 72 அங்குலம், நிலைக்குத்துக் கம்பிகளுக்கு 16 இடைவெளி, ஒன்று 4½ அங்குலம். சட்டத்தின் கனத்தை விட்டுத்தான் சொல்கிறேன். கேற் அகலம் என்ற ஒரு எண்ணை மாற்றினால் சட்டம், நடுக் குறுக்குச் சட்டம், கம்பி எல்லாம் சேர்ந்து நகரும்படி கட்டியிருந்தது. வீட்டுக்காரருக்குக் காட்டப் பிரிண்ட் எடுக்கமுதல், திரை அசிங்கமாக இருக்கிறது என்று எங்கள் பிள்ளை ஒருவர் முழுவதையும் தெரிவு செய்து, பரமெற்றிக் தாவலின் கடைசிப் பகுதியில் இருக்கும் டிலீற் கொன்ஸ்ரெயின்ற்ஸ் பொத்தானை அழுத்தினார். குறியெல்லாம் மறைந்தது. படம் பார்க்க அழகாக இருந்தது. சேமித்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக்காரர் உழவு இயந்திரம் பெட்டியோடு உள்ளே வர வேண்டும், 14 அடி ஆக்குங்கள் என்றார். அகலத்தை மாற்ற எண்ணும் இல்லை, கட்டும் இல்லை. அதைக் கவனிக்காமல் வெளிச் சட்டத்தை மட்டும் கையால் இழுத்து 84 அங்குலம் ஆக்கிப் படத்தைக் கொடுத்தோம். கம்பிகள் நின்ற இடத்திலேயே நின்றன. கடைசிக் கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையில் 16½ அங்குலம். கம்பியின் பிழையை வெல்டிங் செய்கிறவர் கண்டுபிடித்துவிட்டார். இடைவெளி 5¼ ஆக வேண்டும் என்று அவரே பகிர்ந்து குறித்தும்விட்டார். ஆனால் எங்கள் வெட்டுப் பட்டியலில் நடுக் குறுக்குச் சட்டம் நாலும் 72 அங்குலமாகவே இருந்தது. நாலையும் வெட்டிய பிறகுதான் ஒவ்வொன்றும் ஓரடி குட்டை என்று தெரிந்தது. இரும்பின் காசை நான் கொடுத்தேன். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான்தான் சொல்லிக் கொடுக்காமல் விட்டேன்.

ஹைட் என்றால் கட்டு இருக்கும், குறி மட்டும் போகும். டிலீற் என்றால் கட்டே போகும். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் அளவை மாற்றுகிற நாளில்தான் வெளியே வரும்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். குறியின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் சிறு பட்டியலில் டிலீற், ஹைட் இரண்டும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. மவுஸ் குறியின் மேல் நிற்கும்போது விசைப்பலகையில் டிலீற் அழுத்தினாலும் அந்தக் கட்டு போகும். குறிப்பட்டையின் மூலையில் உள்ள சின்னப் பெருக்கல் அடையாளம் அப்படியல்ல. அது அந்தப் பட்டையை மறைக்க மட்டுந்தான் செய்யும், பயமின்றி அழுத்தலாம்.

### செய்ய வேண்டியது, இலகுவானதிலிருந்து

பிரிண்ட் எடுக்கத்தான் குறியை மறைக்க நினைத்தீர்கள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். கட்டுக் குறி பிரிண்டில் வராது. அந்தக் கேற் படத்தில் அந்த டிலீற்றுக்குத் தேவையே இருக்கவில்லை.

ஒரு மூலையில் மட்டும் மறைத்துக்கொண்டு நின்றால் குறிப்பட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளி வையுங்கள். பிறகு எது எந்தக் கோட்டுக்குரியது என்று குழம்பினால், குறியின் மேல் மவுஸை வைக்க, உரிய கோடுகள் ஒளிரும். இழுத்து இழுத்து எல்லாம் தாறுமாறாகிவிட்டால் கொன்ஸ்ரெயின்ற்பார் தட்டி, கோடுகளைத் தெரிவு செய்து, ரீசெற் கொடுங்கள். பட்டைகள் தங்கள் தங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் திரும்ப வந்து நிற்கும்.

வேலை செய்யும் நேரம் முழுக்க இடைஞ்சல் என்றால் ஹைட் ஓல் அழுத்திவிட்டு, கொன்ஸ்ரெயின்ற்பார்டிஸ்பிளேயை 2 ஆக்குங்கள். நான் நாளாந்தம் வைத்திருப்பது இதுதான். திரை வெறுமையாக இருக்கும். ஒரு கோட்டைத் தொட்டால் அந்தக் கோட்டின் குறி மட்டும் வரும், விட்டால் போகும். வேண்டியது அவ்வளவுதானே. புதிதாகப் பழகுபவர்களுக்கு மட்டும் 3 இல் விடுகிறேன். கட்டிய உடனே குறி வருவதைப் பார்த்தால்தான் கை தேறும்.

சில வகையை மட்டும் ஒதுக்க வேண்டுமானால் கொன்ஸ்ரெயின்ற்செற்றிங்ஸ் பெட்டியில் அந்த வகைகளின் சரியை எடுங்கள். வீட்டுப் பிளானில் நான் கிடையையும் நிலைக்குத்தையும் எடுத்துவிடுவேன். சுவர் நேராக நிற்பது கண்ணுக்கே தெரிகிறது, அதற்குக் குறி எதற்கு? சமம், சமச்சீர் இரண்டையும் எடுக்கமாட்டேன், அவை கண்ணால் பார்த்துப் பிடிபடாதவை. பட்டையை மங்கலாக்கும் வழுக்கியும் அங்கேயே இருக்கிறது. எனக்கு அது பெரிதாக உதவியதில்லை.

## அறிகுறி 3: சில குறி தெரிகிறது, சில தெரியவில்லை

முதலில் ஒரு பொய்ப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இரண்டு கோட்டின் முனைகளை ஒட்ட வைக்கும் கோஇன்சிடென்ற் கட்டு மற்றவற்றைப் போலப் பெரிய குறி காட்டாது. மூலையில் கடுகளவு நீலச் சதுரமாகத்தான் நிற்கும். மவுஸை அதன் மேல் கொண்டுபோனால்தான் முழுக் குறி விரியும். "மூலைக் கட்டு மட்டும் காணேல்லை அண்ணை" என்று வருகிற அழைப்புகளுக்கு, கிட்டப் போய்ப் பார் என்பதே பதில்.

அது இல்லையென்றால் வகையை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். செற்றிங்ஸ் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். தொலைபேசியில் கேட்டுச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு வழி வசதி. கொன்ஸ்ரெயின்ற்பார்மோட் என்று தட்டச் சொல்லி, எண்ணைக் கேட்பேன். ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் உண்டு: கிடை 1, நிலைக்குத்து 2, செங்குத்து 4, சமாந்தரம் 8, தொடலி 16, வளைவை மழுமழுப்பாகத் தொடுக்கும் ஸ்மூத் 32, முனை ஒட்டும் கோஇன்சிடென்ற் 64, ஒரே மையம் 128, ஒரே நேர்கோடு 256, சமச்சீர் 512, சமம் 1024, அசையாமல் நிறுத்தும் பிக்ஸ் 2048. எல்லாவற்றையும் கூட்டினால் 4095. அதுதான் முழுவதும் தெரிகிற எண்.

அவர் 4092 என்று சொன்னால் 4095 இலிருந்து 3 குறைகிறது. 3 என்பது 1உம் 2உம். கிடையும் நிலைக்குத்தும் நிறுத்தியிருக்கிறது. 4031 என்றால் 64 குறைகிறது, முனை ஒட்டு. 3071 என்றால் 1024 குறைகிறது, சமம். எந்தக் குறைவுக்கும் ஒரே ஒரு கூட்டுத்தான் பொருந்தும், குழப்பம் வராது. 4095 என்று தட்டினால் எல்லாம் திரும்பி வரும்.

எண் 4095 ஆகவே இருந்து, படத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் குறி இல்லை என்றால், அந்தப் பக்கம் எக்ஸ்றெப் ஆக இணைத்த வேறு படமா என்று பாருங்கள். அதன் கட்டுகளைப் பார்க்க அந்த மூலப் படத்தையே திறக்க வேண்டும்.

## அறிகுறி 4: அளவுக் கட்டு தெரியவில்லை, அல்லது பிரிண்டில் வரவில்லை

நீளம், அகலம் போன்ற அளவை ஒரு எண்ணில் பிடித்து வைப்பது அளவுக் கட்டு. ஷோ ஓல் என்ற பெயரில் பரமெற்றிக் தாவலில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ஒன்று ஜியோமெற்றிக் பகுதியில், மற்றது டைமென்ஷனல் பகுதியில். முதலாவதை எத்தனை தரம் அழுத்தினாலும் பூட்டுப் படம் போட்ட அளவுகள் வரா. இரண்டாவதை அழுத்துங்கள், அல்லது டிசிடிஸ்பிளே தட்டி ஷோ கொடுங்கள்.

திரையில் தெரிந்தும் பிரிண்டில் வராவிட்டால் அது டைனமிக் வகை. கிட்டப் போனாலும் தூரப் போனாலும் ஒரே பருமனில் சாம்பல் நிறமாக நிற்பது அது. பிரிண்டில் வராதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. வர வேண்டுமானால் அளவைத் தெரிவு செய்து, புரொப்பர்ட்டீஸ் பலகையில் கொன்ஸ்ரெயின்ற் போர்ம் என்ற இடத்தில் அனொற்றேஷனல் ஆக்குங்கள். பிரிண்ட் எடுத்தபின் பழையபடி டைனமிக் ஆக்கலாம், கட்டு குறையாது.

அளவோடு சேர்த்து டி1 சமன் என்று பெயரும் வருகிறதா? கொன்ஸ்ரெயின்ற்செற்றிங்ஸில் டைமென்ஷனல் தாவலில் பெயர் காட்டும் முறையை வலியு என்று மாற்றுங்கள். எண் மட்டும் வரும். பிரதேச சபைக்குப் போகிற பிளானில் இதை மறக்க வேண்டாம்.

## அறிகுறி 5: கீறக் கீறப் புதுப்புதுக் குறி முளைக்கிறது

இன்பர் என்ற வசதி வேலை செய்கிறது. 2011 பதிப்பிலிருந்து உள்ளது. நீங்கள் கீறுகிற கோடு மற்றதைத் தொட்டாலோ கிடையாகப் போனாலோ அதுவாகவே கட்டிவிடும். கொன்ரோல், ஷிப்ற், ஐ மூன்றும் சேர்ந்து அழுத்துப்பட்டால் இது தொடங்கும், அதே மூன்றை அழுத்தினால் நிற்கும். கொன்ஸ்ரெயின்ற்இன்பர் தட்டி 0 கொடுத்தாலும் நிற்கும்.

நிறுத்தினால் இனி வராது என்பது மட்டுந்தான். அதுவரை கட்டியது அப்படியே இருக்கும். வேண்டாத கட்டுகளைக் குறியில் வலது கிளிக் செய்து ஒவ்வொன்றாக அழியுங்கள். இந்த இடத்தில் டிலீற் சரியான வேலைதான்.

## அறிகுறி 6: குறி இல்லாத கோடு இழுபடுகிறது

ஒன்றை நகர்த்தினால் சம்பந்தமில்லாத இன்னொன்று கூடவே வருகிறது. முதலில் குரூப் செய்திருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றைத் தொட மற்றதும் சேர்ந்து தெரிவானால் அதுதான். இல்லாவிட்டால் ஜியோமெற்றிக், டைமென்ஷனல் இரண்டு பகுதியிலும் ஷோ ஓல் அழுத்துங்கள். இழுபடுகிற கோட்டின் குறிகள் மேல் ஒவ்வொன்றாக மவுஸை வைத்து, எந்தக் குறிக்கு மற்றக் கோடு ஒளிர்கிறது என்று தேடுங்கள். அந்தக் கட்டுத்தான் இழுக்கிறது.

குறியில் பிடிபடாவிட்டால், அளவுகளின் பட்டியலைக் காட்டும் பரமீற்றர்ஸ் மனேஜரைப் பரமெற்றிக் தாவலில் திறங்கள். ஒரு அளவு இன்னொரு அளவின் பாதி என்று யாரோ சூத்திரம் எழுதியிருப்பார்கள். எங்கள் கேற்றில் கதவின் அகலம் அப்படித்தான் எழுதியிருந்தது, கேற் அகலத்தை இரண்டால் வகுத்து. சூத்திரம் பிழையா, வேண்டியதா என்று கீறியவரைக் கேட்காமல் அழிக்க வேண்டாம்.

## அறிகுறி 7: என் கொம்பியூட்டரில் சரி, அவருடையதில் வேறு மாதிரி

கட்டு படத்தோடு போகும். எந்த வகைக் குறி தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும் என்ற இரண்டு எண்ணும் ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் தனித்தனியாக இருக்கும். பென்டிரைவில் படம் போகும், அந்த எண்கள் போகா. அங்கே போய் 4095, 3 இரண்டையும் தட்டினால் தீர்ந்தது.

## ஓட்டோகாட் அல்லாதவர்களுக்கு

இன்வென்ரர் என்ற மென்பொருளில் ஸ்கெச்சுக்குள் எப்8 எல்லாக் கட்டையும் காட்டும், எப்9 மறைக்கும். அந்தக் கைப்பழக்கத்தோடு ஓட்டோகாட்டுக்கு வந்து எப்8 அழுத்தினால் கோட்டை நேராக மட்டும் கீற விடும் ஓர்த்தோ மாறும், எப்9 அழுத்தினால் மவுஸைப் புள்ளிக்குப் புள்ளி தாவ வைக்கும் ஸ்னாப் மாறும். குறி வராதது மட்டுமல்ல, மவுஸும் தத்தித் தத்திப் போகும். அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு என்னிடம் வந்து கீறும்போது பார்த்திருக்கிறேன். காசில்லாமல் கிடைக்கும் பிரீகாட்டின் அண்மைய பதிப்புகளில் ஸ்கெச்சருக்குள் கட்டுகளின் பட்டியல் பக்கத்திலேயே வரும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சரி போடும் கட்டம் இருக்கும். சரியை எடுத்தால் குறி மறையும், கட்டு இருக்கும்.

## எப்போது நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

கட்டு உண்மையிலேயே அழிந்து, பிஏகே கோப்பிலும் இல்லை என்றால், சின்னப் படமாக இருந்தால் நீங்களே திரும்பக் கட்டலாம். ஓட்டோகொன்ஸ்ரெயின்ற் தட்டி முழுவதையும் தெரிவு செய்தால் செங்குத்து, சமாந்தரம், முனை ஒட்டு போன்றவற்றை அதுவே போட்டுவிடும். சமச்சீரும் பிக்ஸும் போடாது, கையால்தான் போட வேண்டும். அளவுகளும் சூத்திரங்களும் அப்படியே. கேற் என்றால் அரை நாள் வேலை.

படம் வேறொருவர் செய்த டைனமிக் புளொக், அதாவது அளவு மாற்றக்கூடிய புளொக், என்றால் அதைச் செய்தவரிடமே கொடுங்கள். அவர் எந்த எண்ணை எதோடு கட்டினார் என்று வெளியிலிருந்து ஊகிப்பதில் போகும் நாள், அவருக்குக் கொடுக்கும் காசைவிடப் பெரிது. எல்ரி வைத்திருப்பவர்கள் முழுப் பதிப்பு உள்ள ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும். படம் திறக்கும்போதே பிழை என்று சொன்னால் பழுதான படத்தை மீட்கும் றிக்கவர் தட்டித் திறந்து பாருங்கள், பிழை தேடித் திருத்தும் ஓடிற் ஒருதரம் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மேலே கிண்ட வேண்டாம்.

துருசுக் கதவு, கொங்கிறீற் வளை, தண்ணீர்த் தொட்டித் தூண் போன்ற பாரம் தாங்கும் படங்களில் கட்டு அழிந்ததாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் படத்தை வேலைக்குக் கொடுக்காதீர்கள். கையொப்பமிட்ட பொறியியலாளரிடம் பழைய பிரிண்டையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அளவையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கோ வேறு யாருக்கோ அனுப்புவதானால் டிடபிள்யூஜி கோப்பையும் பிஏகே கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். வைபரில் படமாகப் பிடித்து அனுப்பினால் குறி தெரியும், கட்டு தெரியாது. கொன்ஸ்ரெயின்ற்பார்மோட், கொன்ஸ்ரெயின்ற்பார்டிஸ்பிளே இரண்டின் எண்ணையும் ஒரு வரியில் எழுதுங்கள். படம் இன்னும் திறந்திருந்தால் சேமிக்காமலும் மூடாமலும் அப்படியே விட்டுவிட்டு முதலில் அழையுங்கள்.